மௌனத்துக்கு ஒரு கட்டம்

யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் பூசகர் வெள்ளைத் துணியால் வாயைக் கட்டிக்கொண்டுதான் பூசைக்குப் போவார். மந்திரம் சொல்வதில்லை. மருதர் கதிர்காமர் என்ற அடியவரின் வழிவந்தவர்கள் தலைமுறை தலைமுறையாக இங்கே பூசை செய்கிறார்கள். கதிர்காமத்தைப் போலவே இதுவும் வாய்கட்டிப் பூசை நடக்கும் கோயில். வெளியே மணிச் சத்தமும் அரோகராவும் காதை அடைக்கும். துணி கட்டிய மனிதர் மட்டும் ஒரு சொல்லும் இல்லாமல் தன் வேலையைச் செய்துகொண்டிருப்பார். பூசை முடிந்தால் சோறு. அன்னதானக் கந்தன் என்ற பெயர் சும்மா வரவில்லை.

இதே வீதியில் கற்பூரம் கொளுத்திவிட்டு நிற்கும் ஒரு கம்பஸ் பிள்ளையின் தோள்பையில் இன்று ஒரு கொப்பி இருக்கக்கூடும். பக்கத்துக்குப் பக்கம் கேள்வி அச்சடித்த கொப்பி. இன்றைக்கு யாருக்கு நன்றி சொல்லவேண்டும்? எதற்குப் பயந்தாய்? நாளைக்குச் செய்யப்போகும் ஒரு காரியம் என்ன? கீழே நாலு வெறுங்கோடு. மனத்துக்கு ஊக்கம், வாழ்க்கைக்கு வளர்ச்சி என்று சொல்லி விற்கிறார்கள். கனடாவிலிருந்து சித்தி அனுப்பிய பரிசாகவும் இருக்கலாம். வெளிநாட்டு மோகம் என்று சிரிப்பவர்கள் கொஞ்சம் பொறுக்கவேண்டும். இதற்கு மிக நெருங்கிய ஒரு படிவத்தைத் தன் சீடர்களுக்கு வகுத்துக்கொடுத்தவர் ஒரு தமிழ்ச் சந்நியாசி.

சுவாமி சிவானந்தர் 1887இல் பத்தமடையில் பிறந்தார். பாய்க்குப் பேர்போன ஊர். மருத்துவராகி மலாயாவில் பத்து வருடம் வைத்தியம் பார்த்தார். 1924இல் ரிஷிகேசம் போய்ச் சேர்ந்து, 1936இல் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தைத் தொடங்கினார். 1950இல் இலங்கைக்கும் வந்துபோனார். காவி உடுத்த பிறகும் அவருக்குள் இருந்த டொக்டர் போகவில்லை என்பதற்கு சீடர்களுக்கு அவர் வகுத்த ஆன்மிக நாட்குறிப்பே சாட்சி. வாட்டில் நோயாளியின் கட்டிலில் தொங்கும் காய்ச்சல் அட்டையின் சாயல் அதற்கு உண்டு. எத்தனை மணிக்கு எழும்பினாய்? எத்தனை மாலை செபம் செய்தாய்? எத்தனை பொய் சொன்னாய், அதற்கு உனக்கு நீயே கொடுத்த தண்டனை என்ன? எத்தனை முறை கோபப்பட்டாய், எவ்வளவு நேரம்? வீண் கூட்டாளிகளோடு எவ்வளவு பொழுது போனது? இவற்றுக்கு நடுவே ஒரு வரி: எத்தனை மணிநேரம் மௌனமாக இருந்தாய்?

அந்த ஒரு வரியில்தான் சிக்கல்.

கட்டத்தில் ‘ஒன்றரை மணி’ என்று எழுதும்போதே மௌனம் வாய் திறந்துவிடுகிறது. ‘நான் பேசாமல் இருந்தேன்’ என்று சொல்ல ஒரு ‘நான்’ வந்து குந்திக்கொள்கிறது. இந்த ‘நான்’தான் சைவ சித்தாந்தத்துக்குப் பெரிய தலையிடி. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் 12 சூத்திரங்களில் அடக்கிய சிவஞானபோதத்தின் வழியில், ஆணவம் என்பது நாம் இன்று பேச்சில் சொல்லும் தலைக்கனம் மட்டும் அல்ல; உயிர் என்றைக்கு உண்டோ அன்றைக்கே அதைப் பற்றியிருக்கும் இருட்டு. கண்ணுக்குப் பார்வை இருந்தாலும் வெளிச்சம் வேண்டும். உயிருக்கு அறிவு இருந்தாலும் அருள் வேண்டும். அப்படியானால் இருட்டுக்குள் இருந்துகொண்டு தன்னைப் பற்றித் தானே எழுதும் கணக்கை எவ்வளவு தூரம் நம்புவது? இன்னொன்றும் இருக்கிறது. நல்வினை, தீவினை இரண்டையும் ஒப்பப் பார்க்கும் பக்குவத்தை இருவினையொப்பு என்பார்கள். அருள் பதிவதற்கு முன்னால் வரவேண்டிய நிலை அது. வரவுப் பக்கத்தை நாளுக்கு நாள் பெருக்கச் சொல்லும் கொப்பி, நேர் எதிர்த்திசையில் போகிற வண்டி.

சித்தாந்தம் படிக்காத ஒருவரும் இதே சுவரில் முட்டியிருக்கிறார். 18ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் பெஞ்சமின் பிராங்க்ளின் 13 நற்பண்புகளுக்கு ஒரு சின்னக் கொப்பி கட்டினார். வாரத்துக்கு ஒரு பண்பு, வருடத்தில் நாலு சுற்று, தவறிய இடத்தில் கறுப்புப் புள்ளி. முதலில் எழுதியது 12தான். உனக்குக் கர்வம் அதிகம் என்று நண்பர் ஒருவர் எடுத்துச் சொன்ன பிறகே பணிவு 13ஆவதாக ஏறியது. கர்வத்தை வென்றுவிட்டேன் என்று நினைத்தாலும் அந்தப் பணிவைப் பற்றியே கர்வப்படுவேன் என்று தன் சுயசரிதையில் அவரே ஒப்புக்கொள்கிறார். நல்ல மனிசன்.

யாழ்ப்பாணத்தில் சித்திரைப் பறுவத்தன்று கோயில்களில் சித்திரபுத்திரனார் கதை படித்துக் கஞ்சி வார்ப்பது வழமை. அந்தக் கதையில் வேலைப் பிரிவினை தெளிவு. பாவ புண்ணியக் கணக்கு எழுதச் சித்திரபுத்திரனார். தீர்ப்புச் சொல்ல யமன். கதை கேட்டவர் கஞ்சியைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். புதுக் கொப்பியோ மூன்று வேலையையும் ஒரே தலையில் கட்டுகிறது. எழுதுகிறவளே கணக்கப்பிள்ளை, அவளே யமன், அவளே பாவி. ஐந்து நாள் எழுதி ஆறாம் நாள் மறந்தால், மறந்ததும் ஒரு குற்றமாகக் கணக்கில் ஏறும்.

இதற்காக எழுத்தால் பயனே இல்லை என்று சொல்லிவிட முடியாது. மனத்தைக் குடைந்த சம்பவங்களை நாலு நாள், நாளுக்குப் பதினைந்து நிமிடம் எழுதிய மாணவர்கள் அடுத்த மாதங்களில் வைத்தியரிடம் போனது குறைந்தது என்று அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அந்த மாணவர்கள் ஆற்றாமையை இறக்கி வைத்தார்கள். தங்களுக்கு மார்க் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டும் வேறு வேலை.

சிவானந்தரின் தாளில் பலர் கவனிக்காத ஒரு நிபந்தனை இருந்தது. மாதம் முடிந்ததும் நிரப்பிய தாளைத் தனக்கு அனுப்பிவைக்கச் சொன்னார். அதாவது வாசிக்க ஓர் ஆள் இருந்தார். பொய்க்கணக்கு எழுதினால் பிடிக்கக்கூடிய ஆள். இன்றைய கொப்பியில் ‘வழிகாட்டும்’ என்று அட்டையில் இருக்கிறது, காட்டுகிறவரைக் காணோம்.

யாழ்ப்பாணத்துச் சித்தர் யோகர் சுவாமியின் கதையும் இங்கே பொருந்தும். கிளிநொச்சியில் நீர்ப்பாசன வேலைத்தலத்தில் களஞ்சியக் காப்பாளராக இருந்தவர். வந்த சாமான், போன சாமான் என்று பேரேடு எழுதுவது அந்த உத்தியோகத்தின் அன்றாடம். தன் குருவான நல்லூர்த் தேரடிச் செல்லப்பரைக் கண்டபின் அதை விட்டுவிட்டார். 1964இல் சமாதியடையும் வரை கொழும்புத்துறைக் கொட்டிலுக்கு வந்தவர்களிடம் கொப்பி எழுதச் சொல்லி அவர் கேட்டதாகக் கேள்விப்பட்டதில்லை. ஏசினார், பாடினார், சிலரைத் துரத்தினார். பக்கத்தில் இருந்தவர்கள்தான் அவர் சொன்னதைக் குறித்துவைத்தார்கள். செல்வச்சந்நிதிக்கருகே பல காலம் வாழ்ந்து, ஊராரால் ஜேர்மன் சுவாமி என்று அழைக்கப்பட்ட கௌரிபாலாவும் அவருடைய சீடர்தான். புத்தகத்துக்குப் பஞ்சமில்லாத நாட்டில் பிறந்தவருக்கும் ஏச ஒரு மனிதர் தேவைப்பட்டார்.

ஆகவே, சித்தி அனுப்பிய கொப்பியை வைத்திருக்கும் பிள்ளை அதைத் தூக்கி எறியவேண்டாம். பொய்யும் கோபமும் எழுதட்டும். அவை எண்ணத் தகுந்தவை. மாதத்தில் ஒருநாள் அம்மம்மாவிடமோ, முகத்துக்கு நேரே பேசக்கூடிய ஒரு கூட்டாளியிடமோ அதை வாசிக்கக் கொடுக்கட்டும். மௌனத்துக்கான கட்டத்தை மட்டும் வெறுமையாக விடலாம்.