வயதும் தகுதியும்: வடிவழகியர் தொழிலை முன்வைத்து ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

ஒருவரது வயதைக் கொண்டு அவருக்கு வேலை தருவதும் மறுப்பதும் எந்த அளவிற்கு அறமாகும் என்பது எல்லாத் தொழில்களுக்கும் உரிய வினாவாகும். விமானம் ஓட்டுதல், தீயணைப்பு போன்ற பணிகளில் வயது உடலாற்றலின் அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது. அவ்வளவுகோல் சரியா என்பதைச் சோதித்தறிய இயலும். ஆடையையும் அணிகலனையும் அணிந்து காட்டும் ‘மாடலிங்’ எனப்படும் வடிவழகியர் தொழிலில் நிலைமை வேறு. அங்குத் தோற்றமே தொழில். வயதோ தோற்றத்தில் வெளிப்படுவது. எனவே வயது நோக்கித் தேர்வு செய்தல் அத்தொழிலின் இயல்பே என்னும் வாதம் எழுகிறது. அவ்வாதத்தின் வலிமையை இக்கட்டுரை ஆராய்கிறது.

தொழில் வகுத்த பருவம்

மேலைநாட்டு முகவர் நிறுவனங்கள் பெண்களைப் பெரும்பாலும் பதின்பருவத்திலேயே கண்டறிந்து ஒப்பந்தம் செய்துகொள்கின்றன. இருபதுகளின் நடுப்பகுதியில் புதிதாக வருபவர் காலந்தாழ்ந்தவராகக் கருதப்படுகிறார். இவ்வழக்கத்தின் பரப்பை அதனைக் கட்டுப்படுத்த எழுந்த விதிகளே காட்டுகின்றன. 16 வயது நிறையாதோரை அணிவகுப்பில் ஈடுபடுத்த வேண்டாம் என அமெரிக்க ஆடை வடிவமைப்பாளர் மன்றம் 2007இல் அறிவுறுத்தியது. நியூயார்க் மாநிலம் 2013இல் 18 வயதிற்குட்பட்ட வடிவழகியரைக் குழந்தைக் கலைஞர் சட்டத்தின் காப்பிற்குள் கொணர்ந்தது. எல்விஎம்ஹெச், கெரிங் ஆகிய பிரெஞ்சு நிறுவனங்கள், வளர்ந்தோர் ஆடைகளைக் காட்ட 16 வயதிற்குட்பட்டோரை அமர்த்துவதில்லை என 2017இல் உறுதி செய்தன. கெரிங் அவ்வெல்லையை 18 ஆக உயர்த்துவதாக 2019இல் அறிவித்தது.

பெண்ணின் பருவங்களை வகுத்து நோக்கும் மரபு தமிழ் ஆய்வாளர்க்குப் புதிதன்று. உலா இலக்கியம் பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக எழுபருவத்தினரைக் காட்டும். பரவலாக வழங்கும் கணக்கின்படி அவ்வரிசை நாற்பதாம் அகவையோடு முடியும். நாற்பதைக் கடந்தவள் உலாவின் வீதியில் இல்லை. ஆயினும் பேரிளம்பெண்ணுக்கு அங்கு ஓரிடம் உண்டு. இக்கால ஆடை மேடை அரிவைப் பருவத்திலேயே ஐயுறத் தொடங்கிவிடுகிறது.

பொருத்தம் என்னும் வாதம்

நாடகத்தில் முதியவர் வேடத்திற்கு முதியவரைத் தேர்வதும், குழந்தை ஆடைக்குக் குழந்தையைத் தேர்வதும் அநீதியாகா. அங்கு வயது பணியின் உள்ளடக்கம். ஆனால் வளர்ந்த பெண்கள் வாங்கி அணியும் ஆடையைக் காட்ட வளர்ச்சி நிறைவுறாத உடலைத் தேடுவதற்கு இந்நியாயம் பொருந்தாது. அணிபவரின் வயதும் காட்டுபவரின் வயதும் அங்கு முரண்படுகின்றன.

வாங்குவோர் இளமையையே விரும்புகின்றனர் என்பது அடுத்த வாதம். இளமை மட்டுமே காட்டப்பட்டுவந்த சூழலில் உருவான விருப்பம் அது. தானே வளர்த்த விருப்பத்தைத் தன் செயலுக்குச் சான்றாகத் தொழில் காட்டுவது, நிறுவ வேண்டியதையே ஆதாரமாகக் கொள்வதாகும். மேலும், விருப்பம் உண்மையாயினும் அது மட்டுமே நீதியாகிவிடாது. ஏர் இந்தியா விமானப் பணிப்பெண்கள் 35 வயதில் ஓய்வுபெற வேண்டும் என்றும் முதற்கருவுற்றதும் விலக வேண்டும் என்றும் ஒருகாலத்தில் விதி இருந்தது. உடன் பணிபுரிந்த ஆடவர்க்கோ ஓய்வு வயது 58. நர்கேஷ் மீர்சா வழக்கில் 1981இல் உச்ச நீதிமன்றம் கருவுறுதல் பற்றிய விதியை நீக்கியது. எனினும் ஆடவர்க்குரிய ஓய்வு வயதைப் பெண்களுக்கு வழங்கவில்லை. பிறர் பார்வைக்கு உட்பட்ட பணிகளில் பெண்ணின் வயது எத்துணை எளிதில் குறையாகிவிடுகிறது என்பதற்கு இவ்வழக்கு சான்றாகும்.

இசைவு என்னும் சிக்கல்

இந்திய ஒப்பந்தச் சட்டம் (1872) உரிமை வயது எய்தாதவரை ஒப்பந்தம் செய்யத் தக்கவராகக் கொள்வதில்லை. அவர் செய்யும் ஒப்பந்தம் தொடக்கம் முதலே செல்லாது என 1903இல் பிரிவிக் கவுன்சில் தீர்ப்பளித்தது. உரிமை வயது 18. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016ஆம் ஆண்டுத் திருத்தமும் 2017ஆம் ஆண்டு விதிகளும் விளம்பரங்களில் தோன்றும் குழந்தைக் கலைஞர்க்கு நாளொன்றுக்கு ஐந்து மணிநேர வரம்பை விதித்தன. வருவாயில் குறைந்தது 20 விழுக்காட்டை அவர்தம் பெயரில் வைப்புத்தொகையாக இடவும் பணித்தன. ஆயினும் அங்குக் குழந்தை என்பது 14 வயது நிறையாதவரையே குறிக்கும். தொழில் மிகுதியும் நாடும் 14 முதல் 18 வரையிலான பருவம் இக்காப்பிற்கு வெளியே நிற்கிறது.

இங்கே அடிப்படையான முரண் புலப்படுகிறது. ஒரு பெண்ணின் சொல்லைச் சட்டம் அவளுடைய சொல்லாக ஏற்கும் வயதும், அவளது சந்தை மதிப்பு சரியத் தொடங்கும் வயதும் ஏறத்தாழ அடுத்தடுத்து வருகின்றன. மதிப்புள்ளபோது அவளுக்குப் பேரம் பேசும் உரிமை இல்லை. உரிமை வந்தபோது மதிப்பு குறைகிறது. பயணம், தங்குமிடம், ஒளிப்படத் தொகுப்பு ஆகியவற்றிற்கு முகவர் முன்பணமாகச் செலவிட்டுப் பின்னர் ஊதியத்தில் கழித்துக்கொள்ளும் வழக்கமும் இருப்பதால், குறுகிய அக்காலத்தின் ஒரு பகுதி கடனடைப்பதிலேயே கழிதல் கூடும்.

விதிவிலக்குகள்

1931இல் பிறந்த கார்மன் டெல்லோரிஃபிச்சே 2017இல், தம் 85ஆம் வயதில், பாரிசில் குவோ பெய்யின் ஆடை அணிவகுப்பில் நடந்தார். இத்தகையோரைக் காட்டித் தொழிலில் வயதுத்தடை இல்லை என வாதிடுதல் பொருந்தாது. அவர் பதின்பருவத்திலேயே வோக் இதழின் அட்டையில் இடம்பெற்றவர். முதுமையில் முதன்முதலாக வாயில் தட்டியவர் அல்லர். மேலும், முதுமையே செய்தியாகும் இடத்தில் முதியவர் இயல்பாக ஏற்கப்பட்டார் எனக் கொள்ள இயலாது.

முடிவுரை

குறைந்தபட்ச வயதை உயர்த்துதல் இன்றியமையாதது. எனினும் அது நீதியின் ஒரு பாதியே. மிக முன்னதாக ஈர்ப்பதும் மிக விரைவில் விலக்குவதும் ஒரே மதிப்பீட்டின் இரு விளைவுகள். ஒருவரின் இளமையால் ஈட்டியவர்க்கு, அவ்விளமை கழிந்தபின் அவர் வாழும் வாழ்வு குறித்தும் பொறுப்புண்டு. கல்வி தடைப்படாமை, கடன்கணக்கின் வெளிப்படைத்தன்மை, உரிமை வயது எய்தியதும் ஒப்பந்தத்தைத் தாமே மறுபரிசீலனை செய்யும் உரிமை ஆகியன அப்பொறுப்பின் குறைந்தபட்ச வடிவங்களாம். ‘இவருக்கு என்ன வயது’ என்பதை விடுத்து, ‘இவ்வாடை யாருக்கானது’ எனத் தொழில் தன்னை வினவிக்கொள்ளும்போதே வயதும் தகுதியும் வெவ்வேறு எனத் தெளியப்படும்.