மனம் கறுத்த நாளில்...



மாரி காலத்தில் மூன்று நாள் விடாமல் மழை பெய்தால் நம் வாவிக்கரை வீடுகள் எப்படியிருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். துணி காயாது. விறகு புகையும். தோணி கொண்டுபோனவர் வெறுங்கையோடு திரும்புவார். அன்றைக்கு வீட்டுத் தலைவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திண்ணையில் குந்திவிட்டால், வெளியே பெய்கிற மழை வீட்டுக்குள்ளும் பெய்யத் தொடங்குகிறது. பிள்ளைகள் காலடி ஓசை கேட்காமல் நடக்கிறார்கள். மனைவி சட்டியை மெல்ல இறக்கி வைக்கிறாள். ஒருவருடைய மனக் கறுப்பு ஆறு பேருடைய நாளைத் தின்றுவிடுகிறது. சில வீடுகளில் அந்த ஒருவர் தாய். சில வீடுகளில் பரீட்சை எழுதிவிட்டு வந்த மகள். பங்கு மனையில் அது சுவாமியாகவும் இருக்கலாம்.

கடைசியாகச் சொன்னதை அனுபவத்திலிருந்தே சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள், பெரிய காரணம் எதுவுமின்றி என் மனம் கறுத்துக் கிடந்தது. பூசை வைத்தேன், செபங்கள் வாயிலிருந்து வந்தன, அவ்வளவுதான். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு இருந்துவிட்டேன். பத்து மணியளவில் ஓர் ஆச்சி கதவைத் தட்டினார். பேரனுக்கு ஞானஸ்நானச் சான்றிதழ் வேண்டுமாம். "இன்றைக்கு ஏலாது, நாளைக்கு வாங்க" என்றேன். அவர் இரண்டு பஸ் ஏறி வந்தவர் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் நான் விரும்பவில்லை. ஆச்சி கோபிக்கவில்லை. என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சாப்பிட்டீங்களா சுவாமி?" என்று கேட்டார்.

சாப்பிட்டிருக்கவில்லை. முந்தின இரவு சரியாகத் தூங்கவுமில்லை. வழியில் உண்பதற்கென்று வாழையிலையில் கட்டிக் கொண்டுவந்த புட்டில் பாதியை எனக்குத் தந்துவிட்டு, மீதியை அவர் விறாந்தையில் இருந்து சாப்பிட்டார். அரை மணி நேரத்தில் நான் பதிவேட்டைத் திறந்து சான்றிதழை எழுதிக்கொண்டிருந்தேன். எழுதும்போது வெட்கமாக இருந்தது.

அன்று மாலை அரசர் முதலாம் நூலின் பத்தொன்பதாம் அதிகாரத்தை எடுத்து மறுபடி வாசித்தேன். எலியா இறைவாக்கினரை நீங்கள் அறிவீர்கள். கார்மேல் மலையில் பாகாலின் பூசாரிகளை வென்ற வீரர். அந்த வெற்றிக்குப் பிறகு எசபேல் அரசி விடுத்த ஒரே ஒரு மிரட்டல் அவரை உடைத்துவிடுகிறது. பாலைவனத்தில் ஒரு நாள் வழி நடந்து, ஒரு சூரைச் செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்ற பொருளில் மன்றாடுகிறார். ஆண்டவர் என்ன செய்தார்? கண்டித்தாரா? பிரசங்கம் வைத்தாரா? தூங்கவிட்டார். பிறகு வானதூதர் தொட்டு எழுப்பினார். தலைமாட்டில் சுடுகல்லில் வெந்த அப்பமும் ஒரு குவளைத் தண்ணீரும் இருந்தன. எலியா உண்டார், குடித்தார், மறுபடி படுத்துவிட்டார். வானதூதர் பொறுமையாக இரண்டாம் முறையும் வந்து எழுப்பினார். அதன் பிறகுதான் நாற்பது நாள் நடை. ஓரேபு மலையும் மெல்லிய காற்றின் ஓசையும் அதற்கும் பிறகு.

ஆண்டவர் கையாண்ட இந்த ஒழுங்கைக் கவனியுங்கள். மனம் கறுத்திருக்கும் ஒருவரிடம் நாம் முதலில் நீட்டுவது புத்திமதியை. ஆண்டவர் முதலில் நீட்டியது அப்பத்தை.

தோமா அக்வினார் பதின்மூன்றாம் நூற்றாண்டின் பெரிய இறையியல் அறிஞர். துக்கத்துக்கு என்ன மருந்து என்று ஆராய்ந்து அவர் ஐந்து சொன்னார்: மகிழ்ச்சி தரும் ஏதாவது ஒன்று, கண்ணீர், நண்பரின் இரக்கம், உண்மையைத் தியானிப்பது, ஐந்தாவதாகத் தூக்கமும் குளியலும். ஆம், குளியல்! அவ்வளவு பெரிய ஞானி கிணற்றடியை மறக்கவில்லை. வாளியால் பத்துத் தரம் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்ட பிறகும் அதே உறுமலோடு வீட்டுக்குள் வருவது எளிதல்ல. வேண்டுமானால் முயன்று பாருங்கள். ஆனால் நேர்மையாக மற்றதையும் சொல்ல வேண்டும். புனித அகுஸ்தீனார் தம் தாய் மோனிக்கம்மாளை அடக்கம் செய்த அன்று, துக்கம் குறையும் என்று கேள்விப்பட்டு நீராடப் போனார். குளித்தும் துக்கம் அப்படியே இருந்தது என்று அவரே எழுதுகிறார். பிறகு தூங்கினார். விழித்தபோது பாரம் ஓரளவு இறங்கியிருந்தது. ஒரு மருந்து பலிக்காவிட்டால் அடுத்ததை எடுங்கள்.

இந்த ஐந்தில் சாராயப் போத்தல் இல்லை என்பதையும் ஆண்கள் தயவுசெய்து கவனிக்க வேண்டும். வாவியிலிருந்து கரையேறியவுடன் மனப் பாரத்தைத் தவறணையில் இறக்கி வைக்கப் போகிறவர், அதை இரு மடங்காக்கி வீட்டுக்குக் கொண்டுவந்து மனைவியின் தலையில் வைக்கிறார். படுக்கையில் கிடந்தபடி நள்ளிரவு வரை கைத்தொலைபேசியைத் தடவிக்கொண்டிருக்கும் இளையோருக்கும் இதே வார்த்தைதான். அது ஓய்வல்ல.

கைக்கு வேலை கொடுப்பது இன்னொரு வழி. வனத்து அந்தோனியாரைப் பற்றி ஒரு பழைய வரலாறு உண்டு. பாலைவனத்தில் தனியே இருந்தபோது அவரைச் சோர்வு பிடித்துக்கொண்டது. என்ன செய்வேன் ஆண்டவரே என்று கேட்டார். அப்போது தம்மைப் போலவே ஒருவர் சற்றுத் தூரத்தில் உட்கார்ந்து கயிறு திரிப்பதைக் கண்டார். அவர் எழுந்து செபித்தார், மறுபடி உட்கார்ந்து திரித்தார், மறுபடி எழுந்து செபித்தார். அவர் ஒரு வானதூதர். நம் பெண்களுக்கு இந்தப் பாடத்தை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. பன் பாய் இழைக்கிற தாய்மாரைப் பாருங்கள். துக்கத்தோடு உட்கார்ந்தாலும் விரல்கள் ஓடத் தொடங்கியதும் மூச்சுச் சீராகிறது. வலை பொத்துகிற ஆண்களுக்கும் அப்படித்தான்.

இதைப் பெரிய அளவில் செய்து காட்டியதும் நம் மட்டக்களப்புத்தான். யுத்தம் கடுமையாக நடந்த 1996ஆம் ஆண்டில் இங்கே வண்ணத்துப்பூச்சிப் பூங்கா திறக்கப்பட்டது. இயேசு சபைக் குருவும் உளவள ஆலோசகருமான போல் சற்குணநாயகம் அடிகளாரும், கனடா நாட்டுக் கலைஞர் போல் ஹோகனும் அதன் பின்னால் நின்றவர்கள். கண்ணால் காணக்கூடாதவற்றைக் கண்ட தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் அங்கே சேர்ந்து வந்தார்கள். என்ன நடந்தது என்று சொல் என்று யாரும் அவர்களை நெருக்கவில்லை. களிமண் கொடுத்தார்கள், வர்ணம் கொடுத்தார்கள், கதையும் நாடகமும் மரநிழலும் கொடுத்தார்கள். பேச முடியாதவற்றைப் பிள்ளைகளின் விரல்கள் மண்ணில் சொல்லின. அவ்வளவு பெரிய காயத்துக்கே மண் பிசைவது உதவியது என்றால், நம் செவ்வாய்க்கிழமைச் சலிப்புக்கு முற்றத்தில் நான்கு மிளகாய்க் கன்று நடுவது உதவாதா?

இந்த மண்ணில் கல்வியையும் மறைப்பணியையும் நூறு ஆண்டுக்கு மேல் வளர்த்த இயேசு சபையாரின் தந்தை புனித இஞ்ஞாசியார் ஓர் அறிவுரை விட்டுப்போயிருக்கிறார். நான் அறிந்தவரை குடும்பங்களுக்கு இதைவிடப் பயனுள்ளது வேறில்லை. மனம் இருண்டிருக்கும்போது, முன்பு தெளிவாக இருந்த வேளையில் எடுத்த தீர்மானத்தை மாற்றக்கூடாது என்பதே அது. தோணியை விற்றுவிடுகிறேன், தம்பியின் வாசலை இனி மிதிக்க மாட்டேன், படிப்பை விடுகிறேன், தாய் வீட்டுக்குப் போகிறேன் என்றெல்லாம் நாம் சொல்வது எந்த நேரத்தில்? பெரும்பாலும் பசித்த வயிற்றோடு, இரவு ஒன்பது மணிக்கு மேல். விடியும்வரை பொறுங்கள். விடிந்த பிறகும் அது சரியென்று தோன்றினால் செபித்துவிட்டுப் பேசுங்கள். மாற்ற வேண்டியது நம்மைத்தான் என்றும் அவர் சொன்னார்: செபிக்க மனமில்லாத நாளில் வழக்கத்தைவிடச் சற்று அதிகமாகச் செபிப்பது. ஐம்பத்து மூன்று மணிச் செபமாலை சொல்ல முடியாவிட்டால் ஒரு பத்து மணியை வாவிக்கரையில் நடந்தபடி சொல்லுங்கள்.

இங்கே ஒன்றை மயக்கமின்றிச் சொல்ல வேண்டும். 2004ஆம் ஆண்டு மார்கழி 26இல் கடலும், 2019ஆம் ஆண்டு உயிர்ப்பு ஞாயிறன்று குண்டும் நம் ஊரில் யார் யாரை எடுத்தன என்பது நமக்குத் தெரியும். அந்தத் துக்கம் குளித்தால் போகிற சலிப்பல்ல. அதற்கு அழ வேண்டும். ஆண்டவரே லாசருவின் கல்லறையில் அழுதார். அதுபோல, வாரக்கணக்கில் தூக்கமின்றி, உணவின்றி, எதிலும் விருப்பமின்றி, சாவையே நினைத்துக்கொண்டிருப்பவரிடம், செபம் போதாது, விசுவாசம் போதாது என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். அது நோய். காய்ச்சலுக்குப் போவதுபோல வைத்தியசாலைக்கு அழைத்துப் போங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தை வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். வைத்தியரும் சூரைச் செடியடிக்கு ஆண்டவர் அனுப்புகிற தூதர்தான்.

வீட்டில் யாராவது முகம் வாடியிருந்தால் மற்றவர்கள் என்ன செய்வது? அருளப்பர் நற்செய்தியின் இறுதி அதிகாரத்தைப் பாருங்கள். ஆண்டவரை மறுதலித்த இராயப்பர், மனம் நொந்து மீன் பிடிக்கப் போகிறார். இரவெல்லாம் ஒன்றும் அகப்படவில்லை. விடியற்காலையில் கரையில் ஒருவர் நிற்கிறார். அவர் சொன்ன பக்கம் வலையை வீசியதும் நூற்று ஐம்பத்து மூன்று பெரிய மீன்கள். இராயப்பர் நீந்திக் கரையேறியபோது அங்கே கரிநெருப்பு எரிகிறது, அதன்மேல் மீன் வேகிறது, அப்பமும் இருக்கிறது. ஏன் மறுதலித்தாய் என்ற கேள்வி வரவில்லை. முதலில் சாப்பாட்டுக்குத்தான் அழைப்பு வந்தது. என்னை நேசிக்கிறாயா என்ற கேள்வி, எல்லோரும் சாப்பிட்டு முடிந்த பிறகே வந்தது. நனைந்த உடுப்போடு நெருப்பருகே நின்ற இராயப்பருக்கு, தாம் நேசித்த ஆண்டவரே தம் கையால் மீனை எடுத்துக் கொடுத்தார்.