கீழே குடிப்பவர்



நமது தேசத்தின் வடகோடியில், ஏறத்தாழ 11,500 அடி உயரத்தில் இருக்கிறது லடாக்கின் லே நகரம். வருஷம் முழுவதற்கும் மழையும் பனியும் சேர்ந்து சுமார் 10 சென்டிமீட்டர்தான். எங்கும் கல்லும் மணலும். பச்சை தெரிந்தால் அங்கே வாய்க்கால் ஓடுகிறதென்று அறியலாம். மலையுச்சிப் பனி உருகி வரும் நீரே அவர்களுக்கு ஜீவன். அதை வயல் வயலாகப் பங்கிட ஊரார் ‘சுர்போன்’ என்றொருவரை நியமிப்பார்கள். நம் நாட்டு நீர்பாய்ச்சியைப் போல. குடிநீர் வாய்க்காலில் துணி துவைப்பது பழைய வழக்கப்படி ஆகாது. அதற்கு வேறு ஓடை. கீழ்க் கிராமத்தார் மொண்டு குடிப்பார்களல்லவா! (விடுதிகள் பெருகிய லேயில் இந்தக் கட்டுப்பாடு தளர்ந்துவிட்டது.)

நமது நொய்யலுக்கும் கீழே மனிதர் உண்டு. அவர்கள் பயிருக்காக 1992-ல் ஒரத்துப்பாளையத்தில் அணை எழுந்தது. தேங்கியதோ நமது சாயக்கழிவு. 2011-ல் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது அடுப்பெரியாத வீடுகளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இன்று சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கின்றன. ஆயினும் மழை கொட்டும் இரவில் கழிவைத் திறந்துவிடும் பட்டறை அடியோடு இல்லாமற் போயிற்றா? ஆத்தும சோதனை செய்கையில் அந்த இரவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். திறக்கச் சொன்ன முதலாளிக்கும் கேள்வி உண்டு. “சொன்னதைச் செய்தேன், சாமி” என்கிற தொழிலாளிக்கும் உண்டு.