வாசலில் நிற்கும் நாய்

சில ஆண்டுகளுக்கு முன்பு, கிள்ளானில் ஒரு பள்ளியில், பாரதக் கதையின் இறுதிப் பகுதியை மாணவர்க்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அரசு துறந்து வடதிசை நோக்கிப் பாண்டவர் ஐவரும் பாஞ்சாலியும் நடக்கின்றனர். அழையாமலே ஒரு நாயும் அவர்களைப் பின்தொடர்கிறது. வழியில் ஒருவர்பின் ஒருவராக எல்லாரும் வீழ்ந்துபட, தருமரும் அந்த நாயுமே எஞ்சுகின்றனர். இந்திரன் தேரோடு வந்து, நாயுடன் வருவோர்க்கு வானுலகில் இடமில்லை என்கிறான். அடைக்கலமாக வந்ததைக் கைவிட்டுப் பெறும் இன்பம் தமக்கு வேண்டா என்று தருமர் தேரேற மறுக்கிறார்.

வகுப்பு அமைதியாக இருந்தது. கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். “ஐயா, நாய வெளியவே விட்டுட்டுப் போனா என்ன? நாங்க மாடி வீட்டுக்கு வந்தப்ப அப்படித்தானே செஞ்சோம்?” என்று கேட்டான்.

எவரும் சிரிக்கவில்லை. கேட்டவன் குறும்புக்காரன் அல்லன். விடை வேண்டியே கேட்டான். நான் வாய் திறப்பதற்குள் மணி அடித்தது. அன்று அந்த மணி என்னைக் காப்பாற்றியது என்றே சொல்ல வேண்டும். அவனுக்கு நான் சொல்லாமல் விட்ட விடையைத் தேடும் முயற்சியே இக்கட்டுரை.

அவன் எந்த அனுபவத்திலிருந்து அக்கேள்வியைக் கேட்டான் என்பதை இந்நாட்டுத் தமிழர் எளிதில் உணர்வர். தோட்டத்து லயத்தில் நாய் என்பது விலைகொடுத்து வாங்கிய பொருளன்று. எங்கிருந்தோ வந்த குட்டி ஒன்று மிச்சச் சோற்றை உண்டு, வாசற்படியில் உறங்கி, விடியுமுன் பால்வெட்டச் செல்லும் தாயோடு மரநிரை வரை நடந்து, மெல்ல மெல்ல வீட்டில் ஒன்றாகிவிடும். பின்னர்க் கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டங்கள் ஒவ்வொன்றாகக் குடியிருப்புகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. 1990களில் பெராங் புசார் தோட்ட நிலத்தில் புத்ராஜெயா எழுந்தது. அங்கு வாழ்ந்த தொழிலாளர் குடும்பங்கள் டிங்கிலில் உள்ள தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தன. இத்தகைய இடப்பெயர்வுகள் எத்தனையோ. அந்த நாள்களில் லாரியில் கட்டிலும் பாத்திரமும் சாமிப் படங்களும் ஏறும். பிள்ளைகள் ஏறுவர். நாய் ஏறாது. தோட்டத்துச் செம்மண் பாதை முடிந்து பெருஞ்சாலை தொடங்கும் இடம் வரை அது லாரியைத் துரத்தி வரும். பிறகு நின்றுவிடும். பின்பக்கம் அமர்ந்திருந்த பிள்ளைகள் அதனைப் பார்த்துக்கொண்டே போவர். அவர்களுள் ஒருவன்தான் என் வகுப்பில் எழுந்து நின்றவன்.

மேலை நாடுகளில் இதே இக்கட்டு வேறு வடிவில் தோன்றுகிறது. அங்கே சமையலறையும் படுக்கையும் அமைந்த வீட்டு வண்டிகளில் குடும்பங்கள் ஊர் ஊராகச் செல்கின்றன. நாயும் உடன் செல்கிறது. இரவு தங்குவதற்குரிய முகாம் திடல்களின் நுழைவாயிலில் நாய்களுக்கான விதிகள் எழுதப்பட்டிருக்கும். அமெரிக்காவின் தேசியப் பூங்காக்களில் நாயைக் கட்டும் கயிறு ஆறடிக்கு, அதாவது ஏறத்தாழ 1.8 மீட்டருக்கு, மேற்படலாகாது. அதற்கென ஒதுக்கிய இடத்திலன்றிப் பிற இடங்களில் அதைத் தனியே கட்டிப்போட்டு உரிமையாளர் அகலலாகாது. சில தனியார் திடல்கள் இத்தனை நாய்களுக்கு மேல் கூடாது என்றும், குறிப்பிட்ட இனத்து நாய்கள் வேண்டா என்றும் தடுக்கின்றன.

இவ்விதிகளைக் கண்டு நாயை நேசிப்போர் சினங்கொள்வதுண்டு. ஆயினும் சற்று நிதானித்துப் பார்ப்போம். கயிற்றின் நீளத்தைச் சொல்லும் விதி அயலாரின் குழந்தையைக் காக்கிறது. தனியே கட்டிப்போடாதே என்னும் விதியோ நாயையே காக்கிறது. இவையிரண்டும் நடத்தையைப் பற்றியவை. இன்ன இனத்து நாய் வரவே கூடாது என்பது பிறப்பைப் பற்றியது. ஒரு விதி அறத்தோடு பொருந்துமா என்று அறிய, அது நடத்தையை நோக்குகிறதா, பிறப்பை நோக்குகிறதா என்று வினவுதல் நல்லதோர் அளவுகோல். மனிதரைப் பற்றிய விதிகளுக்கும் இவ்வளவுகோல் பொருந்தும் என்பதைத் தமிழர்க்கு நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

நம் நாட்டு அடுக்குமாடிகளுக்கான 2015ஆம் ஆண்டுப் பராமரிப்பு விதிகளும் இவ்வகையில் எண்ணத் தக்கவை. அண்டை வீட்டார்க்குத் தொல்லையோ, அவர்தம் பாதுகாப்புக்கும் நலத்துக்கும் கேடோ விளைக்கக்கூடிய விலங்கை வளர்க்கலாகாது என்பது அவற்றின் சாரம். மேலாண்மைக் கழகம் எழுத்து மூலம் அறிவித்தால் மூன்று நாளில் அதனை அகற்ற வேண்டும். அச்சத்திற்குக் காரணமே இல்லை என்றும் கூற இயலாது. 2017இல் சரவாக்கில் வெறிநாய்க்கடி நோய் தோன்றி மனித உயிர்களைப் பறித்தது. மெல்லிய சுவருக்கு அப்பால் இரவு முழுதும் குரைக்கும் ஒலி, இரவு வேலை முடிந்து வந்தவனின் உறக்கத்தைக் கெடுக்கும். ஆகவே விதியே வேண்டா என்பார் பிறரோடு வாழத் தெரியாதார்.

மற்றொன்றையும் நாம் மதித்தல் வேண்டும். நம் அண்டை வீட்டார் பலர் இசுலாமியர். இங்குப் பெரும்பாலோர் பின்பற்றும் சாஃபி நெறியில் நாயின் எச்சிலும் ஈரமும் பட்ட இடத்தை ஏழு முறை, அதில் ஒருமுறை மண் கலந்த நீரால், கழுவித் தூய்மை செய்தல் வேண்டும். மின்தூக்கியில் உடன் நிற்கும் ஒருவர் ஒதுங்கினால் அது வெறுப்பன்று. அவர் தம் வழிபாட்டுத் தூய்மையைக் காக்கிறார். அதே நெறியில் நாய்க்கு இரக்கமும் உண்டு. குகையில் நெடுங்காலம் உறங்கிய இளைஞரைப் பற்றிக் குர்ஆன் கூறுமிடத்தில், அவர்தம் நாய் வாயிலில் முன்கால்களை நீட்டிக் கிடந்ததும் கூறப்படுகிறது. தாகத்தால் வாடிய நாய்க்கு நீர் அளித்தவர் இறைவனின் மன்னிப்பைப் பெற்ற செய்தி நபிமொழியில் உண்டு.

நாமும் ஒருபுறம் வைரவரின் ஊர்தி என்று நாயை வணங்கி, மறுபுறம் அதன் பெயரையே வசைச்சொல்லாக வழங்குகிறோம். மாணிக்கவாசகர் தம்மைத் தாழ்த்திக்கொள்ளத் தேர்ந்த உவமைகளுள் நாயும் ஒன்றன்றோ? ஆதலால் அன்பு எங்களிடம், வெறுப்பு பிறரிடம் என்று பிரித்துப் பேசும் உரிமை எந்தச் சமயத்தார்க்கும் இல்லை.

இனி, வாயிற்காப்போர் எண்ணிப் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. பிரிக்பீல்ட்ஸில் 1951இல் நிறுவப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இயங்கிவருகிறது. அதனால் வெண்கோல் தட்டி நடப்போரை அங்குள்ள தெருக்களில் நாள்தோறும் காணலாம். கோல் தரையைச் சொல்லும்; தலைக்கு நேரே நீண்டிருக்கும் கிளையைச் சொல்லாது. பயிற்சி பெற்ற வழிகாட்டி நாய் அதனையும் தவிர்த்து நடத்திச் செல்லும். முதல் உலகப் போரில் கண்ணிழந்த வீரர்க்காக 1916இல் செருமனியின் ஓல்டன்பர்க் நகரில் இத்தகைய நாய்களுக்கான பயிற்சிப் பள்ளி தொடங்கியது. அதற்குப் பின் ஒரு நூற்றாண்டு நெருங்கும் வேளையில், 2014இல், கண்ணழுத்த நோயால் பார்வை இழந்த ஸ்டீவன்ஸ் சான் என்னும் மலேசியர் லாஷான் என்ற வழிகாட்டி நாயைச் சீனத்திலிருந்து வரவழைத்தார். அந்நாயுடன் சென்றபோது வணிக வளாகங்களிலும் பொதுப் போக்குவரத்திலும் தாம் தடுக்கப்பட்டதை அவர் நாட்டார்க்கு எடுத்துரைத்தார். மாற்றுத்திறனாளிகள் பொது இடங்களையும் பொது ஊர்திகளையும் பிறரைப் போலப் பயன்படுத்தும் உரிமையை 2008ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. “நீர் வரலாம், உம் நாய் வரலாகாது” என்று அத்தகைய ஒருவரிடம் சொல்வதும், “நீர் வரலாம், உம் கண்கள் வெளியே நிற்கட்டும்” என்று சொல்வதும் வேறல்ல. அங்கே தடுக்கப்படுவது விலங்கன்று, மனிதர்.

அப்படியாயின் தூய்மையைப் பேணுவோர் தம் நெறியைக் கைவிட வேண்டுமா? வேண்டியதில்லை. 2008இல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில், பார்வையற்ற இளைஞர் ஒருவர் தொழுகைக்கு வர விரும்பினார். அவருடைய வழிகாட்டி நாய் தங்கியிருக்கப் பள்ளிவாசலின் நுழைவுப் பகுதியில் ஓர் இடம் ஒதுக்கப்பட்டது. தொழுகைக் கூடத்தின் தூய்மை கெடவில்லை. இளைஞரின் தொழுகையும் தடைப்படவில்லை. வாசலை மூடுவதற்கும் வாசலை முழுதும் திறந்துவிடுவதற்கும் நடுவே, வாசலிலேயே ஓர் இடம் அமைக்கலாம் என்பதை அம்மக்கள் கண்டனர். விதி செய்வோர் கற்க வேண்டிய பாடம் இதுவே.

இதுகாறும் வாயிற்காப்போனின் கடமையைப் பேசினோம். மாணவனின் கேள்வியோ வாயிற்காப்போனை நோக்கியதன்று. நாயை அழைத்து வந்தவனை நோக்கியது. அதற்கு விடை காணாமல் இக்கட்டுரையை முடித்தல் நேர்மையாகாது.

தருமர் இந்திரனோடு வழக்காடினாரே தவிர, வாயிலை உடைக்க முற்படவில்லை. விதி அவனுடையது என்பதை ஏற்று, தமக்குரிய இடத்தை விட்டுக்கொடுத்தார். மனைவியையும் தம்பியரையும் வழியில் விட்டு வந்த நீ நாயை விடத் தயங்குவதேன் என்று இந்திரன் வினவினான். அவர்கள் இறந்தபின் பிரிந்தேன். உயிரோடிருக்க எவரையும் கைவிட்டேனல்லேன் என்பது தருமரின் விடை. உயிரோடிருக்கும் ஒன்று நம்மை நம்பி நிற்கையில் விட்டுச் செல்வதே கைவிடுதல் என்பது இதனால் புலனாகிறது.

ஆனால் தருமர் ஒரு தனி மனிதர். அவர் இழக்கத் துணிந்தது தம் வானுலகை மட்டுமே. தோட்டத்தை விட்டு வெளியேறிய தந்தைக்கு அந்த உரிமை ஏது? பல்லாண்டு காத்திருந்து கிடைத்த ஒரு மாடி வீட்டை நாய்க்காக மறுத்து, மனைவி மக்களைத் தெருவில் நிறுத்துவது அறமாகுமா? ஆகாது. வறியவனிடம் காவிய வீரத்தைக் கேட்பது வசதியுள்ளோரின் வழக்கம். அந்த வழக்கத்தை ஆசிரியராகிய நாம் பின்பற்றலாகாது.

ஆயினும் விட்டுவிடுதல் வேறு, ஒப்படைத்தல் வேறு. நிலத்தோடு கூடிய வீட்டில் வாழும் உறவினரிடமோ நண்பரிடமோ, “இதனை இனி நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லிக் கையில் கயிற்றைக் கொடுப்பது பிரிவு, அது துரோகமன்று. லாரியில் ஏறி அமர்ந்தபின் திரும்பிப் பாராமல் இருப்பது துரோகம். இவ்விரண்டிற்கும் இடையே உள்ள தொலைவைக் கடக்கப் பெரும்பொருள் வேண்டா. சில நாள் முன்னெண்ணமும் சிறிது அலைச்சலும் வேண்டும். இன்று சட்டமும் இதனையொட்டியே பேசுகிறது. 2015இல் இயற்றப்பட்டு 2017இல் நடப்புக்கு வந்த விலங்கு நலச் சட்டம், உணவும் நீரும் உறைவிடமும் அளிப்பதை உரிமையாளரின் கடமையாக்கியது. கொடுமைக்கு 20,000 வெள்ளி முதல் 100,000 வெள்ளி வரை தண்டமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இவ்விரண்டுமோ அச்சட்டம் விதிக்கிறது.

பயணம் செய்வோர்க்கும் இதுவே பொருந்தும். செல்லுமிடத்து விதியைப் புறப்படுமுன் கேட்டறிதல் வேண்டும். இடமில்லை என்றால் நாயைப் பார்த்துக்கொள்ள ஒருவரை ஏற்பாடு செய்தல் வேண்டும்; அல்லது பயணத்தை மாற்றுதல் வேண்டும். நுழைவாயிலில் நின்றுகொண்டு காவலரோடு சண்டையிடுவதும், வெயிலில் பூட்டிய வண்டிக்குள் அதனை அடைத்துவிட்டு உள்ளே செல்வதும் அன்பாகா. நாய் நம் வழியைத் தேர்ந்தெடுக்கவில்லை. நாமே தேர்ந்தெடுக்கிறோம், அது வருகிறது. தேர்ந்தெடுத்தவனே வழியின் முடிவுக்கும் பொறுப்பாவான்.

அந்த மாணவன் இன்று எங்கே இருக்கிறானோ அறியேன். மீண்டும் கண்டால் இவ்வாறு சொல்வேன்: “தம்பி, உன் தந்தையைக் குற்றவாளி ஆக்காதே. வீட்டைக் கட்டியவரும் விதியை எழுதியவரும் பாடம் நடத்திய நானும் அக்குற்றத்தில் பங்குடையோம். அந்த நாயைப் பற்றி எங்களுள் எவரும் எண்ணவில்லை. ஆனால் அது செம்மண் பாதையின் முடிவில் நின்றதை நீ மறவாதே. நாளை உனக்கொரு வீடு அமையும். நீயும் ஒரு விதியை எழுதும் இடத்தில் அமரக்கூடும். அன்று, வாசலில் நிற்பது எதுவாயினும், அது எங்கே போகும் என்று ஒருமுறை கேட்டுவிட்டுக் கதவைச் சாத்து.”