மாறாத விகிதம்

சீடன்: குருவே, தென் பசிபிக்கில் குக் தீவுகளில் ஒன்றான மங்காயாவின் பசால்ட் பாறை, பூமியின் மேலோட்டுக்குக் கீழுள்ள கவசம் உருகி வந்தது என்கிறீர்கள். 245 கோடி ஆண்டுகளுக்கும் முன் வானில் திரிந்த கந்தகமும் அதில் உண்டு என்கிறீர்கள். கவசத்தை எட்டியவர் யார்? ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் துளையிட்டவர்கள் 12 கிலோமீட்டரைச் சற்றே தாண்டினார்கள். கண்டங்களின் மேலோடோ சராசரியாக 35 கிலோமீட்டர் தடிமன்.

குரு: எட்டாததை அறிய வழியில்லையா?

சீடன்: அனுமானம் உண்டு. மலையில் புகையைக் கண்டு நெருப்பு இருக்கிறது என்கிறோம். அதற்கு முன் அடுக்களையில் இரண்டையும் சேர்த்துப் பார்த்திருக்கிறோம். கவசத்தையும் பசால்ட்டையும் சேர்த்துப் பார்த்த அடுக்களை எது?

குரு: சரியான தடை. அதை மறவாதே, முதலில் சாட்சியைத் தேடுவோம். கவசப் பாறை மேலெழும்போது அழுத்தம் குறைந்து, அதில் ஒரு சிறு பங்கு மட்டும் உருகுகிறது. அந்தக் குழம்பு ஏறும் வழியில் குளிர்ந்து படிகங்களை உதிர்க்கிறது. இதில் எதை நம்புவாய்?

சீடன்: எதையும் நம்ப முடியாது. மக்னீசியம் குறையும், சிலிக்கா கூடும். புறப்பட்டபோது இருந்த அளவு வந்து சேரும்போது இராது.

குரு: அளவு மாறும். ஆனால் ஈயத்தில் 206, 204 என்ற ஐசோடோப்புகளைப் பார். வேதியியலில் இரண்டும் ஒன்றே. நிறையில் வேறுபாடு நூற்றில் ஒரு பங்குதான். ஆயிரம் டிகிரிக்கு மேல் கொதிக்கும் குழம்பு இவற்றைப் பிரிக்காது. ஈயம் கூடினாலும் குறைந்தாலும், மூலப்பாறையில் இருந்த விகிதமே எரிமலை வாயிலும் இருக்கும்.

சீடன்: வழியில் மேலோட்டுப் பாறை கரைந்து கலந்திருந்தால்?

குரு: கண்டத்தின் ஊடாக ஏறியிருந்தால் அந்த ஐயம் பெரிது. அதனால்தான் கண்டமில்லாத கடல் தீவுகளைத் தேடினார்கள். 1964இல் காஸ்ட், டில்டன், ஹெட்ஜ் ஆகியோர் அட்லாண்டிக்கின் அசென்ஷன், கஃப் தீவுகளில் ஈயம், ஸ்ட்ரான்சியம் விகிதங்களை அளந்தார்கள். இரு தீவுகளும் ஒத்துப்போகவில்லை. கவசம் ஒரே சீரானதல்ல என்பது தெரிந்தது. நடுக்கடல் முகடுகளில் 206க்கும் 204க்கும் உள்ள விகிதம் பெரும்பாலும் 18, 19. மங்காயாவில் அது 21ஐத் தாண்டுகிறது.

சீடன்: அந்த மிகுதி எங்கிருந்து வந்தது?

குரு: காலத்திலிருந்து. யுரேனியம் 238 சிதைந்து ஈயம் 206 ஆகிறது; பாதி சிதைய 447 கோடி ஆண்டு. ஈயம் 204 கதிரியக்கத்தால் பிறப்பதில்லை. ஆகவே, ஈயத்தோடு ஒப்பிட்டால் யுரேனியம் மிகுந்த பாறை ஒன்று நெடுங்காலம் கிடந்திருக்க வேண்டும். கடல் மேலோடு கவசத்துக்குள் அமிழும்போது நீரோடு ஈயம் கழன்றுவிடும்; யுரேனியம் அவ்வளவு எளிதில் போகாது. தீவுப் பசால்ட்டுகளின் மூலத்தில் அமிழ்ந்த மேலோடு உண்டு என்று ஹாஃப்மனும் ஒயிட்டும் 1982இல் வாதிட்டார்கள்.

சீடன்: ஒரு விளைவுக்குப் பல காரணங்கள் இருக்கலாமே? கவசத்துக்குள்ளேயே ஈயம் குறைய வேறு வழி இருந்தால்?

குரு: அதனால்தான் ஈயம் மட்டும் போதவில்லை. கந்தகத்தைக் கேள். அதன் ஐசோடோப்புகளை இயற்கை வழக்கமாக நிறைக்கு ஏற்பவே பிரிக்கும். அந்த ஒழுங்கு பெரிதும் மீறப்பட நாம் அறிந்த காரணம், ஓசோன் இல்லாத வானில் புறஊதாக் கதிர் சல்ஃபர் டை ஆக்சைடை உடைப்பது. ஆய்வுக்கூடத்தில் செய்தும் பார்த்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் உள்ள மிகப் பழைய பாறைகளில் இந்த மீறல் இருக்கிறது. ஏறத்தாழ 245 கோடி ஆண்டுகளுக்கு முன் காற்றில் ஆக்சிஜன் ஏறியது; அதன் பின் படிந்தவற்றில் இல்லை. 2013இல் ரீட்டா கப்ராலும் உடன் ஆய்ந்தவர்களும் மங்காயாவின் ஆலிவின் படிகங்களுக்குள் அடைபட்ட சல்ஃபைடுத் துகள்களில் அதே மீறலைக் கண்டார்கள். அந்தப் பாறையின் வயதோ ஏறத்தாழ 2 கோடி ஆண்டு.

சீடன்: 2 கோடி ஆண்டுக்கு முன்னிருந்த வானில் அந்தக் கந்தகம் உருவாகியிருக்க முடியாது. அப்படியானால் மேற்பரப்பில் இருந்தது கீழே போய், 200 கோடி ஆண்டுக்கு மேல் கிடந்து, உருகித் திரும்பியிருக்கிறது!

குரு: இப்போது உன் தடைக்கு நீயே விடை சொல்.

சீடன்: கவசத்தைப் பார்த்திருக்க வேண்டியதில்லை; தொடர்பைப் பார்த்திருந்தால் போதும். யுரேனியம் ஈயமாவதும், கதிர் கந்தகத்தைப் பிரிப்பதும் இங்கேயே நிறுவப்பட்டவை. எந்த ஆழத்தில் கிடந்தது என்பதையும் இதைக் கொண்டே சொல்லிவிடலாமா?

குரு: அவசரப்படாதே. இந்த விகிதங்களை மாற்றியவை காலமும் வானும், ஆழம் அல்ல. சாட்சி கண்டதை மட்டுமே சாட்சியிடம் கேட்க வேண்டும். மூலப்பாறை என்னென்ன பட்டது என்பதை விகிதம் சொல்லும். இன்று கவசத்தின் ஆழத்தில் என்ன கிடக்கிறது என்பதை நிலநடுக்க அலைகளிடம் கேள். இரண்டும் ஒத்துவரும் இடத்தில் துணிந்து பேசு. ஒத்துவராத இடத்தில் மேலும் அள.