வியப்பு யாருடைய உடைமை?

1971ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் நாள், டேவிட் ஸ்கொட் என்னும் விண்வெளி வீரர் சந்திரனின் தரையில் நின்று, ஒரு கையில் சுத்தியலையும் மறு கையில் வல்லூறின் இறகையும் ஏந்தி, இரண்டையும் ஒருங்கே விட்டார். இரண்டும் ஒருங்கே தரையைத் தொட்டன. ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும் அந்தப் படம் இன்று கைத்தொலைபேசிக்குக் கைத்தொலைபேசி தாவி உலகெங்கும் உலவுகின்றது. அவிசாவளையைக் கடந்து இரத்தினபுரி செல்லும் வழியில், எஹலியகொடையைச் சூழ்ந்த இறப்பர்த் தோட்டங்களின் லயங்களுக்கும் இத்தகைய காணொளிகள் வந்து சேராமலில்லை. அவற்றை அனுப்பி வைப்பவர் செய்வது தானமா, பொழுதுபோக்கா, அன்றிக் கடமையா என்பதே நாம் ஆராயவேண்டிய கேள்வி.

“கூரை ஒழுகுகின்றது, நாட்கூலி போதவில்லை. சந்திரனில் இறகு விழுந்தால் என்ன, விழாவிட்டால் என்ன?” என்று கேட்போர் நம்மிடையே உண்டு. நல்ல மனத்தோடுதான் கேட்கின்றனர். ஆயினும் இந்த வாதத்தின் வேர் எங்கே இருக்கின்றது என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவேண்டும். 1907ஆம் ஆண்டின் சட்டம், தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு ஆறு வயது முதல் பத்து வயது வரை தாய்மொழியில் கல்வியளிக்கும் பொறுப்பைத் தோட்டத் துரையிடம் விட்டது. பத்து வயதுக்குமேல் அப்பிள்ளைக்கு எழக்கூடிய கேள்விகளுக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. 1945இல் நாட்டில் இலவசக் கல்வி மலர்ந்தபோதும் தோட்டங்கள் வாசலிலேயே நிறுத்தப்பட்டன. அவற்றின் பாடசாலைகள் பெரும்பாலும் அரசின் கைக்கு வந்தது 1970களிலும் அதன் பின்னருமே. உழைப்பவனுக்கு எவ்வளவு அறிவு போதும் என்பதை, அவன் உழைப்பை உண்பவன் தீர்மானித்த வரலாறு இது. ‘முதலில் சோறு, பிறகு விஞ்ஞானம்’ என்போர் தம்மை அறியாமலே அந்தத் துரையின் கணக்கை ஒப்புக்கொள்கின்றனர். சோறும் வேண்டும், கூரையும் வேண்டும். ஏன் என்று கேட்கும் உரிமையும் அவற்றோடு கூடவே வேண்டும்.

அதே வேளையில், வியப்பு ஏதோ இல்லாதவருக்கு நாம் இடும் பிச்சை என்று கருதுவதும் பெரும் பிழை. பால் வெட்டும் ஒரு பெண்ணின் கையைக் கவனியுங்கள். இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழும் சாய்வான கோடாகவே அவள் கத்தி செல்லும். மரப்பட்டையினுள் பால் நாளங்கள் நேர் செங்குத்தாக அல்லாமல் சற்றே வலப்புறம் சரிந்து மேலேறுகின்றன. ஆதலால் அந்தச் சாய்விலேயே மிகுதியான நாளங்கள் அறுபடும். வெயில் ஏறுமுன் அவள் வெட்டுகின்றாள்; இலைகள் நீரை ஆவியாக்கத் தொடங்குமுன் நாளங்களில் அழுத்தம் மிகுந்திருக்கும், பால் நன்கு வடியும். எப்படி என்பதில் அவள் நிபுணி. ஏன் என்பதை மட்டும் அவளுக்கு யாரும் சொல்ல நினைத்ததில்லை. அவள் மகள் அதைக் கேட்டால் பதில் சொல்ல அருகில் ஆளில்லை. தமிழ்மொழியில் உயர்தர வகுப்புவரை விஞ்ஞானம் கற்பிக்கும் பாடசாலை சபரகமுவத் தோட்டப்புறங்களில் அரிது என்பது ஊரறிந்த செய்தி.

கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்து, புத்தகம் கட்டும் கடையில் வேலை பழகிய மைக்கேல் பரடேயை இங்கு நினைவுகூர்தல் பொருந்தும். 1812இல் கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர், ஹம்ப்ரி டேவியின் விஞ்ஞான விரிவுரைகளுக்கான நுழைவுச் சீட்டுகளை அவருக்குக் கொடுத்தார். கேட்டதையெல்லாம் குறிப்பெழுதி, தம் கையாலேயே கட்டி, பரடே அதை டேவிக்கு அனுப்பினார். அடுத்த ஆண்டு டேவியின் உதவியாளரானார். சீட்டுக் கொடுத்தவர் செய்ததும் ஒரு பகிர்வுதான். ஆனால் சீட்டு மட்டும் போதுமானதாக இருந்ததா? குறிப்பேட்டைப் பிரித்துப் பார்க்க ஒரு டேவி இருந்தார், கதவு திறந்தது. நம் பகிர்வுகளில் பெரும்பாலானவை சீட்டோடு நின்றுவிடுகின்றன. (அந்தப் பரடேதான் 1826இல் இறப்பரைப் பகுத்து, அதில் ஐந்து கரி அணுக்களுக்கு எட்டு ஐதரசன் என்ற விகிதம் உண்டெனக் கண்டவர். இலங்கைக்கு இறப்பர்க் கன்று வந்தது அதற்கு ஐம்பது ஆண்டு கழித்து, 1876இல்.)

இன்னொரு தீங்கையும் மறைப்பதற்கில்லை. சந்திரனின் இறகு வரும் அதே வழியில்தான் பொய்யும் வருகின்றது. தீபாவளி இரவில் விண்ணிலிருந்து எடுத்த இந்தியா என்று ஆண்டுதோறும் ஒரு வண்ணப்படம் உலவும். அது உண்மையில், பல ஆண்டுகளில் இரவு வெளிச்சம் மாறியதைக் காட்ட நிறந்தீட்டி இணைத்த படம். இரண்டும் பார்ப்பவரை “ஆ!” என்று வாய்பிளக்கச் செய்கின்றன, வியப்பை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் இரண்டுக்கும் வேறுபாடில்லை. வேறுபாடு சோதனையில் இருக்கின்றது. ஒரு காசையும் ஒரு தாளையும் கைவிட்டுப் பார், பிறகு தாளைக் கசக்கி உருட்டிக் கைவிட்டுப் பார் என்று பிள்ளையிடம் சொன்னால், காற்று குறுக்கே நிற்பதை அது தானே கண்டுகொள்ளும். தீபாவளிப் படமோ நம்பிக்கையைத் தவிர வேறெதையும் கேட்பதில்லை. சோதிக்க இடந்தராத வியப்பைப் பரப்புவோர், தாம் அனுப்புவது உண்மையாகவே இருந்தாலும், பக்தர்களை உண்டாக்குகின்றனரேயன்றி விஞ்ஞானிகளை அல்ல.

2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றால் பாடசாலைகள் மூடப்பட்டு, பாடங்கள் வாட்ஸ்அப் வழியே வந்த காலத்தில் மலையகப் பிள்ளைகள் அலைவரிசை தேடிக் குன்றேறினர். ஒரு வீட்டுக்கு ஒரு தொலைபேசி. அதுவும் தந்தையோடு வேலைக்குப் போய்விடும். அன்று அக்காட்சியைக் கண்டு உருகியவர்கள் பலர். எனினும் அவர்கள் அனுப்பிய காணொளிகள் பெரும்பாலும் ஆங்கிலம் பேசின. நீளமானவை, பணத்தை விழுங்குபவை. தமிழில் இரண்டு வரி விளக்கம் சேர்த்து, வீட்டில் செய்து பார்க்க ஒன்றைச் சொல்லி, மறுநாள் வரும் கேள்விக்குப் பதிலளிக்கவும் காத்திருந்தவர் அனுப்பியதைவிடப் பெரிதாகச் செய்தார். ‘தெரியாது, தேடிச் சொல்கிறேன்’ என்பதும் பதில்தான்.

ஜோன் கௌ என்னும் ஆங்கிலேயர் சிறு வயதிலேயே அம்மை நோயால் பார்வை இழந்தவர். 1805இல் அவர் இறப்பர்த் துண்டொன்றைச் சட்டென இழுத்து உதட்டில் வைத்தபோது அது சூடாக இருந்தது, தளரவிட்டபோது குளிர்ந்தது. கந்தகம் சேர்த்துப் பதப்படுத்தும் முறை தோன்றுமுன் அவர் கையிலிருந்தது பச்சை இறப்பர். எஹலியகொடைத் தோட்டங்களில், முந்திய வெட்டின் தடத்தில் நாடாவாய் உறைந்து கிடக்கும் பாலை உரித்தெடுத்த பின்பே அடுத்த வெட்டு விழுகின்றது. உரித்த அந்த நாடா போதும். இழுத்து உதட்டில் வைத்துப் பார்க்கலாம். அதைப் படம்பிடித்துக் கொழும்புக்கும் சென்னைக்கும் அந்தப் பிள்ளைகளே அனுப்பலாம்.