பாட்டுக்குப் பட்ட பாடு

வீட்டிலேயே பாட்டைப் பதிவு செய்கிறவர்களிடையே ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. கணிப்பொறியில் குரலைத் திருத்துவதற்கென்று 'பிளகின்' என்னும் சிறு மென்பொருள்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன. இரைச்சலை நீக்க ஒன்று. எதிரொலி சேர்க்க ஒன்று. சுருதியைச் சரிசெய்ய ஒன்று. ஒவ்வொன்றிலும் திருப்பிப் பார்க்கப் பத்துப் பதினைந்து குமிழ்கள். இவற்றைக் கற்றுக் கையாள மாதக் கணக்கில் படும் பாடு தகுமா, தகாதா என்பதே வழக்கு. தொழில்நுட்பக் கேள்வி போலத்தான் தோன்றுகிறது. ஆனால் எனக்கு அது அறத்தைப் பற்றிய கேள்வியாகவே படுகிறது.

சூளகிரியில் ஒரு வீட்டை எண்ணிக்கொள்வோம். ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே, பெங்களூர்ப் பெருஞ்சாலையை ஒட்டிய ஊர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே கடைவாசலில் கேட்கும். லாரிகளின் ஓசையோ இரவிலும் ஓய்வதில்லை. அந்த வீட்டுப் பெரியவர் ஒரு காலத்தில் தெருக்கூத்தில் பாடியவர். இந்தப் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பதினெட்டு நாள் பாரதம் நடப்பதை வாசகர்கள் அறிந்திருக்கலாம். அங்கே விடிய விடியப் பாடிய தொண்டை. இப்போது வயது எழுபதைத் தாண்டிவிட்டது. மகனுக்கு ஓசூரில் ஷிப்டு வேலை. அப்பாவின் பாட்டு அழிந்துபோகக் கூடாது என்று ஒரு மைக் வாங்குகிறான். ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் உட்கார வைத்துப் பாடச் சொல்கிறான். போட்டுக் கேட்டால், அப்பாவோடு லாரியும் மின்விசிறியும் பக்கத்து வீட்டு மோட்டாரும் சேர்ந்து பாடியிருக்கின்றன! அன்றிரவு முதல் அவன் பிளகின்களோடு உட்காருகிறான்.

இரைச்சல் நீக்கும் மென்பொருளின் வேலை எளிதில் விளங்கக் கூடியதே. குரல் இல்லாத சில விநாடிகளை முதலில் அதற்குக் காட்ட வேண்டும். 'இதுதான் இரைச்சல்' என்று அது கற்றுக்கொண்டு, பாட்டு முழுவதிலும் அதைக் கழித்துவிடும். மின்விசிறியைப் போல ஒரே சீராக ஒலிப்பதற்கு இது நன்றாகவே பயன்படும். லாரி அப்படியா? வரும்போது ஒரு குரல், போகும்போது ஒரு குரல். அதையும் விடாமல் கழிக்கப் போனால் பாட்டின் சதையும் சேர்ந்து போய்விடும். பாடுகிறவர் தண்ணீருக்குள் இருந்து பாடுவது போலக் கேட்கும்.

எதிரொலியின் கதை இன்னும் சுவையானது. 1947-இல் சிகாகோவில் பில் புட்னம் என்ற ஒலிப்பதிவாளர், ஹார்மோனிகாட்ஸ் குழுவின் இசைத்தட்டுக்கு எதிரொலி வேண்டும் என்பதற்காகக் குளியலறையைப் பயன்படுத்திக்கொண்டார். பத்தாண்டு கழித்து 1957-இல் ஜெர்மனியில் ஈஎம்டி நிறுவனம் பெரிய எஃகுத் தகடு ஒன்றை அதிரவைத்து எதிரொலி உண்டாக்கியது. அந்தப் பெட்டியின் எடை 200 கிலோவுக்கு மேல். இன்று அந்தத் தகட்டைப் போல நடிக்கும் மென்பொருளை மடிக்கணினியில் வைத்துக்கொள்ளலாம். ஐரோப்பியத் தேவாலயங்களின் எதிரொலியை அளந்து எடுத்து விற்கிறவர்களும் இருக்கிறார்கள். பாஞ்சாலி சபதத்தைப் பேராலயத்தில் நின்று பாடியது போலச் செய்துவிடலாம்! ஆனால் கூத்து நடப்பது திறந்த வெளியில். அங்கே குரலைத் தாங்கிப் பிடிக்கச் சுவர் இல்லை. தாங்க ஒன்றும் இல்லாததால்தான் அந்தத் தொண்டை அவ்வளவு உரம் பெற்றது. அதற்குப் பளிங்கு மண்டபம் கட்டிக் கொடுப்பது மரியாதையா, அவமரியாதையா?

சுருதி திருத்தும் ஆட்டோ டியூனை 1997-இல் வெளியிட்டவர் ஆண்டி ஹில்டிபிராண்ட். அதற்கு முன் எண்ணெய் தேடும் பணியில் பூமிக்குள்ளிருந்து வரும் அதிர்வுகளை ஆராய்ந்தவர். நல்ல மூளைதான். ஆனால் ஆர்மோனியக் கட்டைகளைப் போல வகுத்த பன்னிரண்டு இடங்களில் குரல் நிற்க வேண்டும் என்று அந்தக் கருவி எதிர்பார்க்கிறது. நம் பாட்டின் உயிரோ இரண்டு கட்டைகளுக்கு நடுவே இருக்கிறது. தோடியின் காந்தாரம் அசையாமல் நின்றால் அது தோடியா? கருவியை மெதுவாக வேலை செய்ய விட்டால் கமகம் பிழைத்துக்கொள்ளும் என்பார்கள். உண்மைதான். அதற்கு, எது கமகம் எது பிசகு என்று திருத்துகிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தவனுக்கு அந்தக் கருவி அநேகமாகத் தேவைப்படாது.

'அப்படியானால் இந்தக் கருவிகளெல்லாம் வீணா?' என்று கேட்கலாம். அப்படிச் சொல்ல மாட்டேன். ஏ. ஆர். ரஹ்மான் 1989-இல் தம் வீட்டை ஒட்டியே ஒலிப்பதிவுக் கூடம் அமைத்துக்கொண்டார். 1992-இல் 'ரோஜா' வந்தது. ஒலியை நுணுகி நுணுகிச் செதுக்குவதே அங்கே இசையமைப்பின் பகுதி. ஓசையையே புதிதாகப் படைக்கிறவன் அதற்காக எத்தனை இரவு விழித்தாலும் தகும். நம் சூளகிரி மகன் படைக்க உட்காரவில்லை, காப்பாற்ற உட்கார்ந்திருக்கிறான். இரண்டுக்கும் ஒரே அளவுகோல் ஆகாது.

காப்பாற்றுவதற்கு என்ன வேண்டும்? மைக்கை வாயிலிருந்து இருக்கும் தூரத்தில் பாதிக்குக் கொண்டுவந்தால், நேரே வரும் குரல் 6 டெசிபல் கூடுகிறது. அறையின் ஓசை ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. எந்தப் பிளகினும் இவ்வளவு மலிவாக இதைத் தராது. 1902-இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடியபோது மின்சார மைக்கே கிடையாது. வாய் அகன்ற குழலுக்குள் பாட வேண்டும். அந்நாளில் உரத்த இடத்தில் பின்வாங்கி, மெல்லிய இடத்தில் முன்னே நகர்ந்து பாடுவார்கள். இன்று 'கம்ப்ரஸர்' என்று பெயர் வைத்துச் செய்யும் வேலையை அன்று இரண்டு கால்கள் செய்தன.

இதெல்லாம் அந்த மகனுக்குத் தெரியாதா? அநேகமாகத் தெரியும். பேரிகைச் சாலையில் உள்ளே தள்ளி உறவினர் வீடு ஒன்று இருக்கிறது. லாரிச் சத்தம் அங்கே எட்டாது என்பதும் தெரியும். ஆனால் அங்கே போவதென்றால் அவர்களைக் கேட்க வேண்டும். ஒரு நாள் லீவு கேட்க வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, "அப்பா, இன்னொரு தடவை பாடுங்க" என்று அப்பாவைக் கேட்க வேண்டும். அது கூச்சமான காரியம். முதல் தடவை சரியாக வரவில்லை என்று சொல்லாமல் சொல்வது அது. குமிழ் திருப்ப யாரையும் கேட்க வேண்டியதில்லை. இரவு இரண்டு மணிக்கும் திருப்பலாம். மெய்யாகவே உழைக்கிறான், கண் எரிய உழைக்கிறான். ஆயினும் அந்த உழைப்பில் பாதி, மனிதரிடம் வாய் திறக்காமல் தப்பித்துக்கொள்ளும் வழி. சிக்கலான கருவிகள் நம்மைக் கவர்வதற்கு இதுவும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. அவன் திருத்திக்கொண்டிருக்கும் ஆறு மாதத்தில் பெரியவரின் தொண்டைக்கும் ஆறு மாதம் வயதாகிறது. அந்தக் கணக்கை எந்தத் திரையும் காட்டுவதில்லை.

போய்ப் பதிவு செய்து வந்தான் என்றே வைத்துக்கொள்வோம். லாரி இல்லை. எங்கோ ஒரு சேவல் கூவியிருக்கிறது. மூன்றாம் அடிக்கு முன்னால் அப்பா ஒரு முறை இருமியிருக்கிறார். இரண்டையும் நீக்க ஒரு நிமிடம் போதும். சேவலை அவன் விருப்பப்படி செய்துகொள்ளட்டும். இருமலை வெட்டலாமா என்பதை மட்டும், திண்ணையில் உட்கார்ந்திருக்கும் அந்த மனிதரிடமே போட்டுக்காட்டிக் கேட்டுவிடலாம்.